கடற்பசுவும் கண் ஆபரேஷனும்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. பாலக்கரை அடைக்கலராஜ் காலை நடையில் என்னிடம் சொன்னது. சொல்லி முடித்ததும், "நீங்கதான் கதை எழுதுறவராச்சே, எழுதுங்க சார்" என்றார். எழுத உட்கார்ந்தபோது வந்த முதல் வரி:

'அமெரிக்காவின் வெந்நீர் ஊற்றுகளில், மனிதனும் இயற்கையும் ஒன்றாகிற அந்த—'

அடித்துவிட்டேன். முதலில் அது வெந்நீரே இல்லை. இருபத்திரண்டு டிகிரி. திருச்சியில் அதைப் பச்சைத் தண்ணீர் என்போம். ஃப்ளோரிடாவில் ஜனவரி மாதம் கடல் அதைவிடச் சில்லிட்டுப் போவதால், மானட்டி என்கிற கடற்பசுக்கள் குளிர் தாங்காமல், நிலத்தடி ஊற்று பொங்கும் ஆறுகளுக்குள் வந்து ஒண்டிக்கொள்கின்றன. கயாக் என்னும் ஒடுக்கமான சிறு படகில் அவற்றின் நடுவே போகலாம். துரத்தக் கூடாது, தொடக் கூடாது. பக்கத்தில் வந்தால் சும்மா இருக்க வேண்டும்.

2

அடைக்கலராஜ் ரயில்வேயில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் லின்சி, ஃப்ளோரிடாவில் வேலை பார்க்கும்போது ஸ்ரீரங்கத்துப் பையன் பிரஹலாதை அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நான்கு வருடமாகிறது. அடைக்கலராஜ் ஆறு மாதம் மகளோடு பேசாமல் இருந்து, பிறகு முடியாமல் பேசினார். பிரஹலாதின் அப்பா வரது, வங்கியில் அதிகாரியாக இருந்தவர். அவர் சம்பந்தி வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. பாலக்கரைக்கும், வரது குடியிருக்கும் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்கும் நடுவில் இருப்பது ஒரு காவிரிப் பாலம்தான். இரண்டு அப்பாக்களும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

பெண் குழந்தை பிறந்தது. இரு வீட்டுப் பெரியவர்களும் கிளம்பிப் போனார்கள். மார்கழியில், வைகுண்ட ஏகாதசியை விட்டுவிட்டு வரது விமானம் ஏறினார்.

(இந்த இடத்தில் வரதுவின் மனப்போராட்டம் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவர் மனதுக்குள் நான் போய்ப் பார்த்ததில்லை. எடுத்துவிட்டேன்.)

ஒரே வீட்டில் பத்து நாள். "சாப்டாச்சா?" "ஆச்சு." அதற்குமேல் பேச்சில்லை. பதினோராம் நாள் பாட்டிமார் இருவரிடமும் குழந்தையை விட்டுவிட்டு, பிள்ளைகள் அப்பாக்களை ஊற்றுக்கு அழைத்துப்போனார்கள். லின்சியும் பிரஹலாதும் ஒரு கயாக்கில் ஏறிக்கொண்டார்கள். மிச்சமிருந்தது இரண்டு இருக்கை உள்ள ஒரே ஒரு கயாக்.

3

"முன்னாடி இருக்கறவர் துடுப்பைப் பார்த்துப் பின்னாடி இருக்கறவர் போடணும்" என்று பிரஹலாத் சொல்லிக்கொடுத்தான். முன்னால் வரது. அவரைப் பார்த்து நான் ஏன் போட வேண்டும் என்று அடைக்கலராஜுக்குத் தோன்றியது. துடுப்புகள் இடித்துக்கொண்டன. படகு மூன்று முறை வட்டமடித்தது.

தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. கீழே பாறை என்று நினைத்தது நகர்ந்தது.

"மணப்பாறை சந்தையிலகூட அம்மாம் பெரிய உருப்படி பாத்ததில்ல சார். கால்தான் கிடையாது."

தாயும் குட்டியுமாக இரண்டு, நேராகப் படகுக்கு அடியில் வந்து நின்றன. படகு லேசாகத் தூக்கிப் போட்டது. நீச்சல் தெரியாத அடைக்கலராஜ் துடுப்பை ஓங்கினார்.

"அசையாதீங்கோ" என்றார் வரது, திரும்பாமல். "குட்டி பால் குடிக்கறது."

உண்மைதான். தாயின் துடுப்புக்கைக்குப் பின்னால் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

(இதை எதற்காவது குறியீடாக்கலாமா என்று பார்த்தேன். அடைக்கலராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "அது பால் குடிச்சுது சார். அவ்வளவுதான்.")

இருபது நிமிடம் இருவரும் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வரது தண்ணீரைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

"நாங்க இங்க வந்திருக்கறது எங்க வீதியில யாருக்கும் தெரியாது. மெட்ராஸ்ல எனக்குக் கண் ஆபரேஷன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"ஏங்க?"

"பிரஹலாதுக்கு இன்னும் ஜாதகம் பாத்துண்டிருக்கோம்னுதான் எல்லாரும் நெனச்சிண்டிருக்கா. நானும் மறுக்கலை."

அடைக்கலராஜுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கீழே குட்டி இருந்ததால் மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப என் பொண்ணு உங்களுக்குக் கண்ணுல வந்த புரைங்களா?"



4

இங்கே எனக்கு மூன்று வழிகள் இருந்தன. வரது கண் கலங்கித் திரும்பிச் சம்பந்தியின் கையைப் பிடிக்கிறார் என்று எழுதினேன். கயாக்கில் அப்படித் திரும்பினால் கவிழ்ந்துவிடும். சரி, கவிழட்டும், ஒருவரை ஒருவர் காப்பாற்றட்டும் என்று எழுதினேன். படிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

நடந்தது இது. கடற்பசுக்கள் போய்விட்டன. அடைக்கலராஜ் துடுப்பை மடியில் குறுக்கே வைத்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

"இனிமே நீங்களே போடுங்க."

கரைக்கு ஒரு மைல் இருந்தது. வரது தனியாகவே துடுப்புப் போட்டார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அந்தக் குளிரிலும் அவருடைய பிடரியில் வேர்வை வழிவதை அடைக்கலராஜ் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் இவர் கை துடுப்பைத் தேடியது. எடுக்கவில்லை.

"எடுத்திருக்கலாம் சார்" என்றார் என்னிடம்.

கரையில் லின்சி கேட்டாள். "ரெண்டு பேரும் என்னப்பா பேசினீங்க?"

"மாட்டப் பத்தி."

வரதுவின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. லின்சி அவரை பெஞ்சில் உட்காரவைத்து, எதிரே மண்டியிட்டு, "எப்படி மாமா இப்படி ஆக்கிக்கிட்டீங்க?" என்று ஊதி ஊதி மருந்து போட்டாள். வரது தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் விஷயத்தைச் சொல்லியிருந்தா அவ கை நின்னிருக்கும் சார். சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

5

அடுத்தவர் குடும்பக் கதை. அதனால் என் பிரதியில் வரதுவுக்கு ராகவன் என்று பெயர் வைத்து, ஊரைக் கும்பகோணம் ஆக்கியிருந்தேன். ஆனாலும் கேட்காமல் அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. போன வாரம் ஸ்ரீரங்கம் போய் வரதுவிடம் கொடுத்தேன்.

இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்தார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கும்பகோணத்தை அடித்து ஸ்ரீரங்கம் என்று எழுதினார். ராகவன் என்று இருந்த இடங்களையெல்லாம் தேடித் தேடி அடித்து, வரது, வரது என்று எழுதினார். வேறு ஒரு சொல்லையும் தொடவில்லை.

"இந்தப் பத்திரிகையை எங்க வீதியில யாராவது வாங்கறாளா?" என்று கேட்டார்.

பயந்து கேட்டாரா, ஆசைப்பட்டுக் கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் முடிவு எழுதியிருப்பேன்.

வருகிற ஆனியில் லின்சி குழந்தையோடு ஊருக்கு வருகிறாள். அந்த வீதியில் குடியிருப்பவர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், மிச்சத்தை நீங்கள்தான் முடிக்க வேண்டும். அவர் வீட்டு வாசலில் ஆட்டோ நின்று, கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கினால், ஒன்றும் தெரியாததுபோல அவரிடம் கேளுங்கள்:

"ஆத்துக்கு யார் வந்திருக்கா?"