போய் வா என்னும் கட்டளை

அந்த அலுவலகத்தில் யாரும் யாரையும் கடிந்து ஒரு சொல் பேசுவதில்லை. பண்பு வளர்ச்சி அதிகாரி என்று ஒருவர் வந்த பிறகு அப்படி ஆகிவிட்டது. வேலையை விட்டு நீக்கப்படுகிறவருக்குக்கூட ‘புதிய வானம் தங்களை அழைக்கிறது’ என்றுதான் கடிதம் போகும். கடிதத்தின் அடியில் ஒரு பூங்கொத்துப் படம் இருக்கும். அதனால் எல்லோரும் அவரைப் பூங்கொத்து என்றார்கள். அவர் காதில் விழாமல்தான்.

பிறர் மனம் நோகாமல் பேசுவது நல்ல குணம். கடவுளுக்கு அது பிடிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பூங்கொத்து அந்தக் குணத்தை இயந்திரங்களுக்கும் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டுவிட்டார்.

அந்த நிறுவனம் நடத்தியது, தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஹால் டிக்கெட் வழங்கும் இணையதளம். மாணவர் பொத்தானை அழுத்தியதும் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் தாய் நிரல் ஒரு பிள்ளை நிரலைப் பெற்றெடுக்கும். பிள்ளை, பெயரையும் புகைப்படத்தையும் சேர்த்துச் சீட்டை உருவாக்கிக் கொடுத்துவிட்டு மறைந்துபோகும். சில பிள்ளைகள் மட்டும் வந்து சேராத ஒரு புகைப்படத்துக்காக வாய் பார்த்து நின்றுவிடும். தாய் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘கில்’, அதாவது ‘கொல்’ என்ற கட்டளையால் அதை முடித்து வைக்கும். ஒரே சமயத்தில் இத்தனை பிள்ளைகள்தான் என்று வரம்பு உண்டு. ஒன்று இடத்தைக் காலி செய்தால்தான் அடுத்தது பிறக்க முடியும்.

ஒருநாள் பூங்கொத்து ஒரு புரோகிராமரின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார். ‘சைல்டு’ என்று ஒரு சொல், ஒரு புள்ளி, அடுத்து ‘கில்’ என்று ஒரு சொல். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சீக்கிரமே உத்தரவு வந்தது. அந்தக் கொடிய சொல் இனி எங்கும் இருக்கக் கூடாது. அது இருந்த இடத்தில் எல்லாம் ‘போய் வா’ என்று மாற்ற வேண்டும். கிளம்புகிறவரைப் பார்த்து வெறும் ‘போ’ என்று சொல்வது தமிழ் பேசும் வாய்க்கு அழகா என்றும் அதில் கேட்டிருந்தார். மாற்றம் ஒரே மூச்சில் நடந்தது. யாரும் மறுக்கவில்லை, மறுப்பதும் பண்புக் குறைவு என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள்.

இயந்திரத்துக்குப் ‘போய் வா’ விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் அதற்கு வழியில்லை. பிழைச் செய்திகள் ஊழியர்களின் மனதைத் தளர்த்துகின்றன என்று அவற்றின் வாயையும் அவர் அடைத்து வைத்திருந்தார்.

ஹால் டிக்கெட் எடுக்கக் கடைசி நாள் வந்தது. அலுவலகத்தில் டீ போட்டுக் கொடுக்கும் பெண்மணி, தன் மகளைக் கூட்டிக்கொண்டு தயங்கித் தயங்கி அந்தப் புரோகிராமரின் மேஜைக்கு வந்தாள்.

“மேடம், இது நம்ம கம்பெனிதானே? காலையிலேருந்து சுத்திக்கிட்டே இருக்கு, சீட்டு வரமாட்டேங்குது. சாயங்காலத்தோட மூடிடுவாங்களாம். இந்தப் பரிட்சையை விட்டா நர்ஸ் படிப்புக்கு இவ அடுத்த வருஷம் வரைக்கும் காத்துக் கிடக்கணும்.”

“இருங்கக்கா, பாக்கறேன்.” புரோகிராமர் திரையைப் பார்த்தாள். “அடப்பாவமே, எல்லா இடத்துலயும் பிள்ளைங்க உக்காந்திருக்கு. ஒண்ணும் எழுந்திரிக்கல.”

பக்கத்து மேஜைக்காரன் எட்டிப் பார்த்தான். “போய் வான்னா எப்படிக்கா போகும்? போனா திரும்பி வேற வரணுமேன்னு அலுப்புல அங்கயே உக்காந்துடுச்சு. விவரமான பிள்ளைங்க. மொத்த சர்வரையும் அணைச்சுப் போட்டுடலாமா?”

“அணைச்சா வரிசையில நிக்கற அத்தனை பேரும் மறுபடி முதல்லேருந்து வரணும்டா.”

அவள் பழைய கட்டளையைத் தன் கையால் தட்டினாள். திரையில் ஒரு பெட்டி விரிந்தது. ‘அன்பரே, இச்சொல் யாரையேனும் நோகச் செய்யலாம். பண்பு வளர்ச்சி அதிகாரியின் அனுமதியைப் பெறவும்.’

பூங்கொத்து தன் அறையில், கனிவைப் பற்றிய ஓர் உரையைத் தயாரித்துக்கொண்டிருந்தார். புரோகிராமர் அவசரத்தில் கதவைத் தட்டவும் மறந்தாள்.

“சார், பிள்ளைங்களக் கொல்லணும். உடனே அனுமதி வேணும்.”

“ஐயையோ, யார் பெத்த பிள்ளைங்களையோ!” என்றாள் பின்னால் வந்த டீ போடும் அம்மா.

பூங்கொத்து கண்ணை மூடிக்கொண்டார். “ஏம்மா, வேற நல்ல சொல்லே கிடைக்கலையா? ஒரு குழு போட்டு அடுத்த வாரம் யோசிப்போமே.”

“அடுத்த வாரம் பரிட்சையே முடிஞ்சிருக்கும் சார். கில்னு பேருதான் அப்படி. எடுத்ததும் அது என்ன சொல்லும் தெரியுமா? ‘கையில இருக்கற வேலையை ஒழுங்கு பண்ணி வெச்சுட்டுக் கிளம்பு’ன்னு சொல்லும். அவகாசமும் குடுப்போம். முரண்டு பிடிச்சாதான் கழுத்தைப் பிடிக்கறதெல்லாம்.”

“நம்ம புதிய வானம் லெட்டர்ல அந்த அவகாசம்கூடக் கிடையாது சார்” என்றது பக்கத்து மேஜைக்காரனின் குரல், கதவுக்கு அப்பாலிருந்து.

பூங்கொத்துக்கு முகம் சிவந்தது. பதில் சொல்ல வாயெடுத்தவரின் கண்ணில் டீ போடும் அம்மாவின் மகள் பட்டாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதில் சுற்றும் வட்டத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல் நின்றாள்.

“எப்பலேருந்தும்மா நிக்கற?”

“காலையிலேருந்து சார்.”

“யாரும் உக்காரச் சொல்லலையா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அந்த அலுவலகத்தின் சுவர் முழுக்கக் கனிவான வாசகங்கள் ஒட்டியிருந்தன. உட்காரச் சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பூங்கொத்து எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். “உக்காரும்மா.” பிறகு புரோகிராமரிடம், “வா, நானே அழுத்தறேன்” என்றார்.

புரோகிராமரின் மேஜைக்கு வந்து அனுமதியைக் கொடுத்துவிட்டு, அவள் காட்டிய பொத்தானின் மேல் விரலை வைத்தார். “போயிட்டு…” என்று முணுமுணுத்தார்.

“வான்னு சொல்லிடாதீங்க சார், வந்து தொலைக்கப்போகுது!”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். “போ” என்றார். அடுத்ததற்கு, “மன்னிச்சுக்கோ, போ.” ஒவ்வொன்றாக இடம் காலியானது. எங்கெங்கோ காத்திருந்தவர்களின் சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரத் தொடங்கின. அறைக்குள்ளிருந்து அந்தப் பெண் “அம்மா!” என்று கத்தினாள்.

பிரிண்டரிலிருந்து வந்த தாளை வாங்குவதற்கு முன் டீ போடும் அம்மா கையை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். மடித்தால் செல்லாதோ என்று மகளுக்குப் பயம். பூங்கொத்து மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே இருந்தது இனிய சொற்கள் பற்றிய அவருடைய உத்தரவு. அதை உருவி மேஜையில் போட்டுவிட்டு, ஹால் டிக்கெட்டைச் செருகி அவளிடம் நீட்டினார்.

பிறகு புரோகிராமர் பக்கம் திரும்பினார். “அந்தப் பழைய சொல்லை இருந்த இடத்துலயே வெச்சிடும்மா. சீக்கிரம். வெளியில இன்னும் எத்தனை பேர் நிக்கறாங்களோ.”