மடக்கு நாற்காலிக்குப் பத்தாம் இடம்

இவாசே கினுகோவின் வாய்க்குப் பயந்து யாரும் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களை எடுக்காமல் இருந்துவிடவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய வருத்தம். பகலில் நாகானோவில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலிக்கவே வலிக்காது என்று வருகிறவர்களிடம் பொய் சொல்லுவாள். வீட்டுக்கு வந்தால் கல்லூரிக் காலத்துக் கூட்டாளி தொமிதாவோடு மைக் முன்னால் உட்கார்ந்து உண்மை பேசுவாள். பருவம் மாறினால் புதுத் தொடர்கள் கொத்துக் கொத்தாக வந்து இறங்கும். ஒன்றுவிடாமல் பார்த்து, தேறுமா தேறாதா என்று இருவரும் இணையத்தில் தீர்ப்புச் சொல்வார்கள். தொமிதா எந்தக் குப்பையிலும் ஒரு நல்லதைத் தேடிப் பிடிக்கிறவன். மேகத்தை நன்றாக வரைந்திருக்கிறார்கள் என்பான். கினுகோ மேகத்தையும் விட்டுவைக்க மாட்டாள். இந்தப் பொருந்தாத ஜோடிக்காகவே ஆயிரக்கணக்கில் ஆட்கள் கேட்டார்கள்.

ஆண்டுக் கடைசியில் நேயர்களை நேரில் கூட்டி அந்த வருடக் கணக்கை முடிப்பது வழக்கம். இந்த முறை, வழக்கமாகக் கூடும் நிலவறை மதுக்கடையின் மாலை நேரத்தை ஒரு பாட்டுக்காரப் பெண்கள் குழு பிடித்துக்கொண்டதால், இவர்களுக்கு மத்தியானம்தான் கிடைத்தது. பட்டப்பகலில் பீரும் வறுத்த கோழியுமாக இடுப்பை நகர்த்த இடமில்லாமல் கூட்டம் உட்கார்ந்திருந்தது.

முதல் பாதி ஜனவரியில் வரவிருக்கும் புதுத் தொடர்களுக்கு. முன்னோட்டங்களைப் போட்டுக் காட்டிக்கொண்டே கினுகோ ஒவ்வொன்றாகத் தோலை உரித்தாள்.

"இந்தப் பருவத்துல மட்டும் ஏழு ஹீரோ லாரியில அடிபட்டுச் செத்து வேற உலகத்துல பொறக்குறாங்க. லாரி டிரைவருங்க சங்கம் கேஸ் போட்டா நான் சாட்சி சொல்லப் போவேன்."

இரண்டாம் பாதியில் வருடத்தின் சிறந்த பத்து. அதற்கு முன்னால், வருடத்தின் மகா மட்டமான தொடருக்கு ஒரு முழு முள்ளங்கி ஊறுகாய். நடிக்கத் தெரியாதவனை முள்ளங்கி என்று திட்டுகிற ஊரில் இதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது. இந்த வருடம் போட்டியே இல்லை. 'மறுபிறவியில் மடக்கு நாற்காலி ஆனேன்' என்ற தொடர்தான். அலுவலக ஊழியன் ஒருவன் செத்து, ஒரு மன்னரின் அரண்மனையில் மடக்கு நாற்காலியாகப் பிறக்கிறான். கதை அவ்வளவே. இலையுதிர் காலத்தில் கினுகோ அதைக் கிழித்த கிழி பிரசித்தம். கூட்டம் கேட்டுக்கொண்டதற்காக மறுபடியும் கொஞ்சம் கிழித்தாள்.

"நாற்காலியைப் பத்தின கதை. ஆனா உக்காந்து பாக்க முடியல."

சிரிப்பு அடங்கியபோது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. முகக்கவசம், நூல் பிரிந்த கம்பளிச் சட்டை, ஐம்பது வயது இருக்கும்.

"அந்த விமர்சனம் சரியில்லைங்க" என்றார்.

கினுகோவுக்கு உள்ளுக்குள் இனித்தது. மென்று துப்ப ஒரு ரசிகர் தானாக வந்து சிக்கியிருக்கிறார். எந்த இடம் சரியில்லை என்று பணிவாகக் கேட்டாள்.

"ரொம்ப இரக்கப்பட்டுட்டீங்க." அவர் கவசத்தைக் கழற்றினார். "என் பேரு மோரிவாகி. அதை எழுதினவன் நான்தான்."

கோழித் துண்டோடு வாய்க்குப் போன கைகள் பாதியில் நின்றன. பிறகு தொமிதா, நிலைமையைக் காப்பாற்றுவதாக நினைத்து, மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டான்.

மோரிவாகி நின்ற இடத்திலேயே தன் தொடரைப் பிய்த்து மேய ஆரம்பித்தார். இளவரசி வாரம் தவறாமல் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று தயாரிப்பாளர் அடம்பிடித்ததைச் சொன்னார். ஐந்தாவது எபிசோடை ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியில் தட்டியதைச் சொன்னார். டிராகனை வரைய ஆள் இல்லாததால் அதைக் கதவுக்குப் பின்னாலேயே நிறுத்தி இரும வைத்த கதையைச் சொன்னபோது, கூட்டம் மேசையைத் தட்டிச் சிரித்தது. கினுகோவுக்குத் தன் தட்டில் யாரோ கைவைத்து எடுத்துச் சாப்பிடுவது போல இருந்தது. போதாததற்கு, அவர் திட்டுவது அவளைவிட நன்றாக இருந்தது.

"அந்த ஒன்பதாவது எபிசோடு இருக்கே, அது எபிசோடே கிடையாது. படம் வந்து சேரல. குரல் குடுக்கிற பையனுக்கு ஜுரம். கையில இருந்தது காலி மண்டபமும் மழைச் சத்தமும்தான். நாற்காலியை நடுவுல வச்சு ஓட்டிட்டோம். சுத்தக் குப்பை."

"குப்பை இல்ல" என்றது ஒரு குரல்.

அது தன் குரல்தான் என்று கினுகோவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இனிப் பின்வாங்க முடியாது.

"மன்னர் போருக்குப் போயிட்டாரு. அரண்மனையே காலி. நாற்காலி மட்டும் நிக்குது. யாரும் வரலன்னு தெரிஞ்சும் மடங்கிப் படுக்கல, சார். அதுக்கு மடங்கத் தெரியும். மடங்கல."

"மடங்குறதை வரைய நாலு பேர் வேணும்மா. இருந்தவன் ஒருத்தன். அவனும் லீவுல போயிட்டான்."

"என்ன காரணமோ இருக்கட்டும். நான் அழுதேன்."

மருத்துவமனையின் மதிய இடைவேளையில், ஆளில்லாத காத்திருப்பு அறையில், வரிசையாகக் கிடந்த காலி நாற்காலிகளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் அதைப் பார்த்திருந்தாள். பல்வலியோடு வந்தவர் ஒருவர் அவளுக்குக் கைக்குட்டை நீட்டும்படி ஆகிவிட்டது. ஒரு நாற்காலி தன்னை அழவைத்துவிட்டதே என்ற ஆத்திரத்தில்தான் அன்று அந்தக் கிழி கிழித்தாள். இதையெல்லாம் மேடையில் சொல்லவில்லை. நாற்காலிக்குப் பத்தாவது இடம் வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

பத்தாவது இடத்தில் தொமிதாவின் செல்லம் இருந்தது. மலையூர்ப் பள்ளி ஒன்றில் ஊதுகுழல் வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றிய தொடர். அதை அங்கே நுழைக்க அவன் ஒரு வாரம் அவளோடு மல்லுக்கட்டியிருந்தான்.

"முள்ளங்கியும் குடுப்ப, பத்துல ஒரு இடமும் குடுப்பியா? என் பிள்ளைங்களை எழுப்பிட்டு உன் நாற்காலியைப் போடணுமா?"

"எழுப்பிட்டா அவங்க நின்னுக்கிட்டு வாசிப்பாங்கடா."

கூட்டத்திடம் கை தூக்கச் சொன்னார்கள். நாற்காலி ஜெயித்தது. பாதிப் பேர் தொமிதாவின் முகம் போகிற போக்கைப் பார்க்கத்தான் கை தூக்கினார்கள் என்பது கினுகோவுக்குத் தெரியும். ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதான் என்று விட்டுவிட்டாள்.

மோரிவாகி முள்ளங்கியை இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்து வணங்கினார். பத்தாம் இடத்துக்குத்தான் முகம் சுளித்தார். ஊர் மறந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தாராம். இனி அதுவும் போயிற்று என்று நொந்துகொண்டார். கூட்டம் கலைந்து, மாலைக் குழுவின் பெண்கள் விளக்குகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரத் தொடங்கிய பிறகும் அவர் போகவில்லை. கினுகோவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பீர்க் குவளையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"எந்த இடத்துல அழுதீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மழை விட்டுச்சே, அதுக்கப்புறம். ஜன்னல்ல வெளிச்சம் வந்து, நாற்காலியோட நிழல் தரையில நீளமா விழுந்துச்சு பாருங்க, அங்க."

அவர் குவளையைத் திருப்புவதை நிறுத்தினார்.

"அந்த நிழலை நான்தான் சேக்கச் சொன்னேன்" என்றார். பிறகு எழுந்து, முள்ளங்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறிப் போனார்.

இணையத்தில் கினுகோவின் மானம் கப்பலேறியது. விலைபோய்விட்டாள், நாற்காலியைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றெல்லாம் எழுதினார்கள். ஒருவன் கல்யாணப் பத்திரிகையே வரைந்து அனுப்பினான். படம் நன்றாக இருந்ததால் அவளால் கோபப்பட முடியவில்லை. தொமிதாவிடமிருந்து புத்தாண்டு வாழ்த்துக்கூட வரவில்லை. பத்து வருடத்தில் அவன் இப்படி இருந்ததில்லை. இரண்டு முறை செய்தி அடித்து இரண்டையும் அழித்தாள்.

ஜனவரியின் முதல் புதுத் தொடர் ஒளிபரப்பான மறுநாள் அவன் தானாகவே வந்து சேர்ந்தான். அம்மா கொடுத்தனுப்பிய அரிசிக் கொழுக்கட்டைகளை மேசையில் வைத்துவிட்டு, மைக்கைப் பொருத்தினான். பதிவு தொடங்கியதும் புதுத் தொடரை எடுத்து வைத்து அடிக்க ஆரம்பித்தான். கதாநாயகனின் தலைமுடியில் தொடங்கி, வசனத்தை வாரி, இயக்குநர் படித்த பள்ளிக்கூடம் வரைக்கும் போனான். இத்தனை வருடமாக இவ்வளவையும் எங்கே அடக்கி வைத்திருந்தான் என்று கினுகோ வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க நிறுத்தி, அவள் பக்கம் திரும்பினான்.

"நீதான் இப்ப இரக்க மனசுக்காரி ஆயிட்டியே தாயே. நல்லதா நீ ஒண்ணு சொல்லு."

கினுகோ யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். முகமில்லாத கதாநாயகி, ஆடாத மரங்கள், நீந்தாத மீன்கள் என்று எபிசோடு முழுவதையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"முடிவுப் பாட்டு சின்னதா இருந்துச்சு" என்றாள்.

தொமிதா அடக்கிப் பார்த்தான். முடியாமல் கொழுக்கட்டை புரையேறச் சிரித்தான்.