பொறுப்பு ரமோனிடம்

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாளே தம்பி சிவபிரகாஷ் அபுதாபிக்குக் கிளம்பிவிட்டான். அறந்தாங்கி வீட்டைச் சுத்தம் செய்து பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் பரிமளா மட்டும் தங்கினாள். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாலை, பாலம், குடிநீர் என்று அரசாங்கங்களுக்குக் கடன் கொடுக்கும் வளர்ச்சி வங்கி ஒன்றின் லாவோஸ் நாட்டு அலுவலகத்துக்கு அவள்தான் தலைவி.

எதிர்வீட்டுச் சொர்ணவல்லி சித்திக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை.

“பேங்க்குங்கிற, நகைக்கடன் உண்டாடி?”

“இல்ல சித்தி. கவர்மெண்டுக்கு மட்டுந்தான்.”

“அப்ப ஒனக்கு அங்க என்ன வேல? லீவு எத்தன நாளு குடுத்திருக்காங்க?”

“லீவு குடுக்கிறதே நாந்தான் சித்தி.”

சித்தி நம்பாமல் சிரித்துவிட்டுப் போனாள்.

பரிமளா அங்கே பொறுப்பேற்றபோது ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவள் அறை வாசலில் ஆள் நிற்கும். தலைவி ஊரில் இல்லையென்றால் ஆபீஸே படுத்துவிடும். சாலைக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், நிதிக்கு ஒருவர், நிர்வாகத்துக்கு ஒருவர் என்று அவள்தான் பிரித்தாள். யார் எதுவரை முடிவெடுக்கலாம், எதைத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும், ஒருவர் இல்லாதபோது யார் பொறுப்பு என்றெல்லாம் வகுத்தாள். அதன்படி இப்போது பொறுப்பு துணைத்தலைவர் ரமோனிடம் இருந்தது. பிலிப்பைன்ஸ்காரர், நிதானமான மனிதர்.

அன்று காலை டீயை ஆற்றிக்கொண்டே போனைத் திறந்தவளுக்குப் பகீரென்றது. மீகாங் ஆறு பெருகி, அவள் ஆபீஸ் இருக்கும் வியன்டியான் நகரத்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. ரமோனைக் கூப்பிட்டாள்.

“எல்லாரும் பத்திரமா இருக்காங்க மேடம்,” என்றார் ரமோன். “குடும்பங்களோட ஆபீஸ் மாடிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். கம்ப்யூட்டரையும் மேல ஏத்தியாச்சு. அமைச்சகத்தோட பேசிக்கிட்டிருக்கேன்.”

“தலைமையகத்துக்கு நான் பேசட்டுமா?”

“பேசிட்டேன் மேடம்.” கொஞ்சம் தயங்கினார். “நீங்க லீவுல இருக்கீங்க. ரெண்டு பேர் முடிவெடுத்தா குழப்பம் வரும்னு சொன்னது நீங்கதானே.”

ஆமாம், அவள்தான் சொன்னாள். போனை வைத்தபோது ஒரு பக்கம் பெருமையாகத்தான் இருந்தது. மறுபக்கம், தன் வீட்டுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு தன்னை வெளியே நிறுத்திப் பேசியனுப்பியதுபோல் இருந்தது. அப்பாவின் வேட்டிகளை மடித்து வைத்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

மாலியின் நினைவு அப்போதுதான் வந்தது.

மாலி ஆபீஸைக் கூட்டித் துடைக்கிறவள். ஓர் ஏஜென்சி அனுப்பிய ஆள். எல்லாருக்கும் முன்னால் ஆபீசுக்கு வந்துவிடும் பரிமளாவுக்குத் தினமும் காலையில் கண்ணில் படும் ஒரே முகம் அவளுடையதுதான். இருவருக்கும் பொதுவாகச் சில சொற்களே உண்டு. பரிமளாவின் அப்பா படுக்கையில் விழுந்தார் என்று தெரிந்ததிலிருந்து, காபியை மேசையில் வைத்துவிட்டு, “போ, ஓகே?” என்று கேட்பாள். லாவோ மொழியில் ‘போ’ என்றால் அப்பா.

மாலியின் போனுக்கு அடித்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் எடுத்தாள். பின்னால் தண்ணீர் இரைச்சல். அழுகையோடு வந்த பேச்சில் பரிமளாவுக்குப் புரிந்தவை மூன்றே: அம்மா, தண்ணீர், யாரும் வரவில்லை.

மறுபடியும் ரமோனைக் கூப்பிட்டு, மாலி வீட்டுக்கு ஆபீஸ் வண்டியை அனுப்ப முடியுமா என்று கேட்டாள்.

“ஏஜென்சிகிட்ட சொல்றேன் மேடம். நம்ம வண்டி நம்ம ஸ்டாஃபுக்கு மட்டுந்தான். வெளியாள ஏத்தி ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கிடையாது.”

அதுவும் அவள் போட்ட விதிதான்.

“ரமோன், இது உத்தரவு இல்ல. உத்தரவு போட எனக்கு இப்ப அதிகாரம் இல்ல. கேக்கிறேன், அவ்வளவுதான்.”

“என் இடத்துல நீங்க இருந்து, நான் கேட்டிருந்தா?”

பரிமளா பொய் சொல்லவில்லை. “முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்.”

ரமோன் மெதுவாகச் சொன்னார்: “வண்டி அனுப்புறேன். என் பேர்ல. கேள்வி வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

அதற்கப்புறம் அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். தெருவில் மீமிசல் மீன்காரரின் வண்டி கூவிக்கொண்டு போனது. சாவுக்கு வந்த உறவுக்காரர்கள் யாராவது எட்டிப்பார்த்தால் தேவலை என்றிருந்தது. யாரும் வரவில்லை.

சாயங்காலம் ரமோன் வீடியோவில் கூப்பிட்டார். மீட்டிங் ஹாலில் பாய்விரித்து எல்லாரும் உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிதிப்பிரிவுக்காரரின் குழந்தை மேசைமேல் தூங்கியது. ஓரத்தில் மாலி தன் அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அந்த ஹாலில் யாரும் இப்படிச் சிரித்துப் பரிமளா பார்த்ததில்லை. போன் கைமாறிக் கைமாறி வந்தது. “வணக்கம் மேடம்”, “நல்லா இருக்கோம் மேடம்” என்று ஒவ்வொருவரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்கள். மாலி மட்டும் முகத்தை நன்றாகக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

“மேடம், போ?”

அப்பா இறந்ததற்கு ஆபீஸிலிருந்து முறைப்படி இரங்கல் வந்திருந்தது. மாலிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இல்லை என்று பரிமளா தலையை ஆட்டினாள். மாலி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட, போன் இன்னொருவர் கைக்குப் போய், “நீங்க ரெஸ்ட் எடுங்க மேடம்” என்று ஒரு குரல் கேட்டு அணைந்தது.

கருமாதிவரை வராத அழுகை இப்போது வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சொர்ணவல்லி சித்தி குழம்புக் கிண்ணத்தோடு வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

“சித்தி, இங்கயே ஒக்காந்து சாப்பிடுங்களேன். ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுவோம்.”

“பேத்திக்கு டியூசன் முடிஞ்சிருக்கும்டி. கூப்பிடப் போகணும். நீ சூடா இருக்கறப்பவே சாப்பிடு.” செருப்பை மாட்டிக்கொண்டே சித்தி கேட்டாள்: “அங்கிட்டு ஒன் ஆபீசுல எல்லாம் சரியாப் போகுதா?”

“நல்லாப் போகுது சித்தி,” என்றாள் பரிமளா.

சித்தி கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். பரிமளா ஒரு தட்டு எடுத்து வைத்து, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிக்கொண்டாள்.