முப்பது சதவீதம் ஆக்சிஜன்

புஷ்பத்துக்கு அந்த மருந்தின் பெயர் புதிதல்ல. கிண்டியில் அவள் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளின் மூச்சுக்குழாயில் செலுத்துவது அதைத்தான். மூன்றே வாரத்தில் பஞ்சு போலிருந்த நுரையீரல் செருப்புத்தோல் மாதிரி இறுகிவிடும். 1996இல் கணவர் வெள்ளைச்சாமிக்குக் கழுத்தில் நெறிகட்டி, அது புற்றுநோய் என்று தெரிந்தபோது, அடையாறு டாக்டர் எழுதிக்கொடுத்த நான்கு மருந்துகளில் ஒன்று அதே ப்ளியோமைசின்.

கட்டி கரைந்தது. வெள்ளைச்சாமி தி.நகர் ஜவுளிக்கடைக்குத் திரும்பி, பழையபடி புடவை விரிக்கத் தொடங்கினார். அவர் மாடிப்படி ஏறும்போதெல்லாம் புஷ்பம் மட்டும் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே, ஒரு மத்தியானம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். நந்தனத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். குடல்வால் வெடிக்கிற நிலை, உடனே ஆபரேஷன் என்றார்கள். ஸ்ட்ரெச்சர் தியேட்டர் வாசலை நெருங்கும்போதுதான் புஷ்பத்துக்கு உறைத்தது. மயக்க மருந்து டாக்டர் ஷரீஃபை வழிமறித்தாள்.

“ஆக்சிஜன் எவ்வளவு குடுப்பீங்க டாக்டர்?”

“தூங்க வைக்கிறப்போ நூறு சதவீதம். அப்புறம் பாதி. ஏம்மா?”

“அவ்வளவு வேணாம். இவருக்கு ப்ளியோமைசின் ஏத்தியிருக்கு. அந்த மருந்து பட்ட நுரையீரலுக்கு ஆக்சிஜன் அதிகமானா, அதுவே விஷமா மாறி செல்லை அரிக்கும். அந்த அடியில நார் உண்டாக்குற ஜீன் முழிச்சுக்கும். அப்புறம் நுரையீரல் இறுகுறதை நிறுத்தவே முடியாது. எலியில பார்த்திருக்கேன் டாக்டர்.”

“எலியா? நேரமில்லம்மா, வழியை விடுங்க” என்று சர்ஜன் சிடுசிடுத்தார்.

ஷரீஃப் மட்டும் நின்றார். அடையாறு டாக்டருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தார். “அவரும் அதான் சொல்றார். முடிஞ்சவரைக்கும் முப்பதுல வைக்கிறேன். ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கிடுச்சுன்னா ஏத்தித்தான் ஆகணும். உயிர் முக்கியம்.”

கதவு மூடிக்கொண்டது. அதன் பிறகுதான் இன்னொரு பயம் வந்து அப்பியது. முப்பது போதாவிட்டால்? அவர் மூச்சைக் குறைக்கச் சொன்னது தன் வாய்தானே? உள்ளே எந்திரம் ஒன்று அவசரமாகக் கத்த ஆரம்பித்தது. ஒரு நர்ஸ் வெளியே ஓடி, எதையோ எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். புஷ்பத்துக்கு, நூறு சதவீதமே கொடுத்துவிடுங்கள் என்று கத்தத் தோன்றியது. எழுந்து போய்க் கதவில் உள்ளங்கையை வைத்தாள். தள்ளத் தெம்பில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஷரீஃப் வந்தார். “நல்லாயிருக்கார். ஒரு தடவை ரத்தத்துல ஆக்சிஜன் எண்பத்தாறுக்கு இறங்கிச்சு. நாலு நிமிஷம் அறுபது சதவீதம் குடுத்தேன். அவ்வளவுதான்.”

அந்த நாலு நிமிஷம் அவளை விடவில்லை. ஜீன் விழிக்கச் சில மணி நேரம் போதும்; நுரையீரல் இறுகுவது தெரிய வாரக்கணக்காகும். தினமும் கணவர் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். காதோரம் முடியைத் தேய்த்தாற்போல் ஒரு நொறநொறப்பு வருகிறதா என்று.

“ஏ புள்ள, என்னையும் எலின்னு நெனச்சுட்டியா?” என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பரில் எடுத்த எக்ஸ்ரேயில் வலப்பக்க அடியில் நூல்போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பழசா புதுசா என்று சொல்ல முடியவில்லை, மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் அடையாறு டாக்டர். அந்த மூன்று மாதமும் வெள்ளைச்சாமி ஒரு தடவை இருமினால்கூட அவள் கையிலிருந்தது நழுவியது.

டிசம்பர் படத்தில் கோடு வளரவில்லை. ஸ்கேல் வைத்து இரண்டு முறை அளந்து பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரி வாசல் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். வெள்ளைச்சாமி என்ன செய்வதென்று தெரியாமல், எதிர்ச்சாரியில் ஒரு இளநீர் வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தார்.