பெரட்டுக்கு வந்த தொட்டில்கள்

தர்மிளா வீட்டு ஜம்பு மரத்தில் முதல் தொட்டிலைக் கட்டியது யார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. காலையில் முற்றம் கூட்ட வந்தவள் நிமிர்ந்து பார்த்தால், தாழ்ந்த கிளையொன்றில் மஞ்சள் துணியில் ஒரு குட்டித் தொட்டில் தொங்குகிறது. உள்ளே பிள்ளைக்குப் பதிலாக ஒரு கூழாங்கல். பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் கட்டுவார்களே, அதேதான். தர்மிளாவுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. அவள் என்ன மாரியம்மனா?

அவள் கால் அமுக்குகிறவள், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் பேருவளைப் பக்கம் ஒரு ஹொட்டலில் வெள்ளைக்காரர்களின் பாதங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தாள். பிறகு கொழும்பில் அதையே முறையாகப் படித்தாள். இப்போது கலவானைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ரோட்டோரம் இருந்த வீட்டின் முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு முக்காலி, வெந்நீர் பேசின், எண்ணெய்ப் போத்தல் இவ்வளவையும் வைத்துக்கொண்டு தொழில் நடத்தினாள். வாசலில் ‘பாத அழுத்த சிகிச்சை’ என்று போர்ட் தொங்கியது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்கள் அதைக் கண்டுகொள்ளாமல் ‘கால் அமுக்குற ரூம்’ என்றே சொன்னார்கள்.

பிள்ளைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிற பெண்கள்தான் அவளிடம் அதிகம் வந்தார்கள். அவளும் அப்படி அலைந்தவள்தான். இரத்தினபுரிக்கும் கொழும்புக்கும் ஊசி, ஸ்கேன் என்று போய்வந்த வருஷங்களில் தன் உடம்பைத் தானே வெறுத்துக் கிடந்தாள். அந்த நாளில் கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி வாராவாரம் அவள் காலைப் பிடித்துவிட்டாள். பிள்ளை வரவில்லை. ஆனால் தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடிந்தது. அதையாவது மற்றவர்களுக்குக் கொடுக்கலாமே என்றுதான் அந்த முன்னறையைத் திறந்தாள்.

வருகிற ஒவ்வொருத்தியிடமும் முதல் நாளே சொல்லிவிடுவாள். “புள்ள நான் தரமாட்டேன். ஏன் தங்கலன்னு பாக்குறது டொக்டர் வேல. நான் கால் புடிச்சா ஒடம்பு லேசாகும், நல்லாத் தூங்குவீங்க. கிளினிக்க மட்டும் விட்டுறாதீங்க.” எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். அப்படி ஆட்டியவர்களில் விஜயகலா என்று ஒருத்தி, கிளினிக் மருந்தையும் விடாமல் இங்கேயும் வந்துகொண்டிருந்தவள், முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தது. மருந்தைப் பற்றி ஒரு வாய் பேசவில்லை. தர்மிளாவின் கை பட்டதால்தான் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகுதான் தொட்டில்கள்.

முதல் தொட்டிலை அவிழ்த்துப் போட்டாள். மறுநாள் இரண்டாகக் கட்டியிருந்தார்கள். கொஞ்ச நாளில் கோயில் தலைவர் முத்துவீரன் வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விடியற்காலையில் எல்லாரும் கூடுகிற பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற கங்காணியும் அவர்தான். அதனால் வீட்டு வாசலில் நின்றாலும் அதிகாரம் குரலில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

“மரத்தடியில ஒரு சூலத்த நட்டுட்டா நல்லாருக்கும் புள்ள,” என்றார்.

“நட்டுப் பாருங்க தலைவரே. அன்னைக்கே மரத்த வெட்டிருவேன்.”

“சாமி காரியத்துல இப்புடிப் பேசாத.”

“சாமிக்கு மேட்டுல கோயில் இருக்கு. இது என் வீடு.”

அவர் தலையிலடித்துக்கொண்டு போனார். ஊர் வாயை யார் மூடுவது, கிடக்கட்டும் என்று தர்மிளாவும் விட்டாள். தனுஜா வராதிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் விட்டிருப்பாள்.

தனுஜா கொழுந்து எடுக்கிறவள். முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள், பிள்ளையில்லை. கிளினிக் டொக்டர் அவளைச் சோதித்துவிட்டு, வருகிற செவ்வாய்க்கிழமை புருஷனோடு வரச் சொல்லியிருந்தார். வயசு போகிறது, இனித் தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். தனுஜா தனியாக எங்கும் போவதில்லை. மாமியார் கருப்பாயி முன்னால் வருவாள், இவள் பின்னால் வருவாள்.

அன்றும் அப்படித்தான் வந்தார்கள். வெந்நீரில் கொஞ்சம் உப்பும் வாசனைக்குச் சேரைப் புல்லும் போட்டு, தனுஜாவின் காலை அதில் ஊறவைத்துத் துடைத்து, தர்மிளா மடியில் எடுத்து வைத்தாள். மலை ஏறி இறங்கி வெடித்த குதிகால். கட்டைவிரலால் குதியிலிருந்து மெல்ல மெல்ல மேலே அழுத்திக்கொண்டே, “செவ்வாக்கெழம ரெண்டு பேரும் போறீங்கதானே?” என்று கேட்டாள்.

பதில் கருப்பாயியிடமிருந்து வந்தது. “ஆஸ்பத்திரி எதுக்கு புள்ள? ஒன் கையே போதும். அங்க போனா ஆம்பளையவும் டெஸ்டு எடுக்கணுமாம். என் மவனுக்கு என்ன கொற? ஒரு மூட்ட ஒரத்த ஒத்தத் தோள்ல ஏத்துவான்.”

“மூட்ட தூக்குறதுக்கும் புள்ளைக்கும் என்ன சம்பந்தம் அத்தே?”

கருப்பாயி அதைக் காதில் வாங்கவில்லை. முந்தானையில் முடிந்து வந்த சிவப்புத் துணியை அவிழ்த்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் தனுஜா வாயைத் திறந்தாள்.

“அக்கா, கிளினிக்குக்கு அவர் வரமாட்டாரு. ஒங்ககிட்ட வர ஆரம்பிச்சதுல இருந்து வீட்டுல அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டேங்குறாங்க. எடுத்தா, ‘அதான் தர்மிளாகிட்ட போறியே’ங்குறாங்க. தீவாளி வரைக்கும் பாப்பாங்களாம். ஒன்னும் இல்லேன்னா பலாங்கொடையில அவரு மாமா மக இருக்காளாம்.”

தர்மிளாவின் விரல் நின்றுபோனது. அடப்பாவிகளா. இத்தனை நாளும் இந்தத் தொட்டில்களை வெறும் அறியாமை என்றல்லவா நினைத்திருந்தாள். இது கெட்டிக்காரத்தனம். இங்கே வந்தால் பெண்ணின் கால் மட்டும் போதும். ஆணை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கிளினிக்குக்குப் போகாமல் தப்பிக்கிற ஆண்பிள்ளைகள் எல்லாரும் அவளுடைய முன்னறைக்குள் ஒளிந்துகொண்டிருந்தார்கள். ஒளிய இடம் கொடுத்தவளும் அவள்தான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

எழுந்து குசினிக்குப் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கருப்பாயி கட்டி முடித்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். தர்மிளா அந்தச் சிவப்புத் தொட்டிலின் கயிற்றைத்தான் முதலில் அறுத்தாள். பிறகு மற்றவை. கருப்பாயி வயிற்றிலடித்துக்கொண்டாள்.

“அடி பாவி, வாழ வந்தவ வயித்துல மண்ணப் போட்டியே. ஒரு புள்ளயப் பெத்திருந்தா ஒனக்குத் தெரியும். மலடிக்கு என்ன தெரியும்?”

அந்தச் சொல் தர்மிளாவுக்குப் புதிதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் சுட்டது. “ஒங்க மவன் கிளினிக்குக்குப் போற வரைக்கும் ஒங்க மருமக காலை நான் தொடமாட்டேன் அத்தே,” என்றாள். “தனுஜாவுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் அதுதான்.”

தனுஜா வெறுங்காலோடு வாசற்படியில் நின்றாள். அவள் முகத்தில் ஒரு பயம் தெரிந்தது. இருந்த ஒரே நிழலும் போயிற்றே என்கிற பயம். அதைப் பார்த்த பிறகுதான், வீட்டுக்குள்ளிருந்து கதவைச் சாத்துவது மட்டும் போதாது என்று தர்மிளாவுக்குப் பட்டது.

சாயந்தரம் புருஷன் யோகராஜ் ஆட்டோ ஓட்டி முடித்து வந்தான். சாப்பிட உட்கார்ந்தவனிடம் தொட்டில்கள் கிடந்த உரப் பையைக் காட்டி, நாளைக்குப் பெரட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

“பெரட்டுக்கா? அங்க உனக்கு என்ன வேல?”

“மொதத் தொட்டில விடுங்க, மத்தது கட்டின பொம்பளைங்க யாருன்னு துணியப் பாத்தாலே எனக்குத் தெரியும். அவங்க புருஷமாருக்குத் திருப்பிக் குடுக்கப்போறேன்.”

யோகராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, “அங்க ஒன்ன என்ன கேப்பாங்கன்னு தெரியுமா?” என்று தலை நிமிராமல் கேட்டான்.

தெரியும். இவர்கள் வீட்டில் குறை யாரிடம் என்று கேட்பார்கள். அந்தப் பதில் உலகத்தில் டொக்டருக்கும் இவர்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே தெரிந்தது. யோகராஜின் உடம்பில்தான் குறை. டொக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கும் சொல்லமாட்டேன் என்று தர்மிளாதான் தானாகச் சத்தியம் பண்ணிக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஊர் கொடுத்த பட்டத்தை எல்லாம் அவள் ஒருத்தியே சுமந்துகொண்டு வந்தாள்.

“கேட்டா கேக்கட்டும். நான் வாயத் தொறக்கமாட்டேன். நீங்க பயப்புடாதீங்க,” என்றாள்.

அவன் பாதிச் சோற்றோடு எழுந்து கைகழுவப் போனான்.

விடியற்காலையில் அவளை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் இறக்கிவிட்டான். பனி இன்னும் விலகவில்லை. ஒரு பக்கம் கூடைகளோடு பெண்கள், மறுபக்கம் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடும் மருந்தடிக்கிற டாங்கியோடும் ஆண்கள். முத்துவீரன் பேர் கூப்பிடத் தொண்டையைச் செருமினார். அதற்குள் தர்மிளா களத்தின் நடுவில் போய் நின்றுவிட்டாள்.

“தினேஷ்,” என்று கூப்பிட்டாள், அவர் கூப்பிடுகிற அதே தோரணையில்.

பழக்கதோஷத்தில் தனுஜாவின் புருஷன், “இருக்கேன்” என்று குரல் கொடுத்துவிட்டான். பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது. அவள் சிவப்புத் தொட்டிலை அவன் கையில் வைத்தாள்.

“இது ஒங்களுது தம்பி. என் மரத்துல இருந்துச்சு.” அடுத்த பேரைக் கூப்பிட்டாள். அதற்கடுத்ததையும் கூப்பிட்டாள். ஒருத்தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவன் டாங்கியின் மேலேயே தொட்டிலை வைத்தாள்.

“டொக்டர் ரெண்டு பேரையும் வரச் சொல்றாங்க,” என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. “நீங்க பொண்டாட்டிய மட்டும் அனுப்புறீங்க, அதுவும் எங்கிட்ட. அவ காலைத் தேயத் தேய நான் அமுக்கினாலும் ஒங்க ஒடம்புல என்ன இருக்குன்னு எனக்கு எப்புடித் தெரியும்? என் ரூமு ஆறுதலுக்கு. நீங்க ஒளியிறதுக்கு இல்ல. இனிமே கிளினிக்குக்கு ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, ரெண்டு பேரு காலையும் நான் புடிக்கிறேன்.”

“போதும், இது பெரட்டு,” என்று முத்துவீரன் முன்னால் வந்தார். “ஊரு ஆம்பளைங்கள நிக்க வச்சு இவ்வளவு பேசுறியே, ஒன் வீட்டுல யாருகிட்ட கொற? மொதல்ல அதச் சொல்லு. பெறகு எங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.”

எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும், அத்தனை பேரையும் அடக்கிவிடலாம். ஆனால் அது அவளுடைய வார்த்தை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அதுவும் கோபத்தில்தான் வந்தது. ஆண்கள் பக்கம் யாரோ இளக்காரமாகச் சிரித்தார்கள்.

“எங்கிட்டத்தான்.”

குரல் ஆட்டோப் பக்கமிருந்து வந்தது. யோகராஜ் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தான். வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

“டெஸ்டு எடுத்தோம். அவளுக்கு ஒன்னுமில்ல. கொற எனக்கு. இத்தன வருஷமா நீங்க அவள மலடின்னு சொன்னீங்க, நானும் கேட்டுக்கிட்டு நின்னேன். இனிமே சொல்றதுன்னா என்னச் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன், இந்த ரோட்டுலதான் ஆட்டோ ஓட்டுறேன்.”

சிரித்தவன் தரையைப் பார்த்தான். முத்துவீரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தர்மிளாவுக்கு அவனைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல இருந்தது. களத்தில் வைத்து அதெல்லாம் முடியுமா? அவன் சட்டைக் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து தனுஜா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். கூடையோடு நின்ற கருப்பாயி, “ஏய், எங்க போற?” என்றாள். தனுஜா திரும்பவில்லை. புருஷன் முன்னால் போய் நின்றாள்.

“செவ்வாக்கெழம மொத பஸ்ஸுல நான் கிளினிக்குக்குப் போறேன். வர்றதுன்னா வாங்க. வரலேன்னா அந்தத் தொட்டிலப் பத்திரமா வச்சிருங்க, பலாங்கொடைக்காரிக்கும் தேவப்படும்.”

தினேஷுக்கு முகம் செத்துப்போனது. கையிலிருந்த சிவப்புத் துணியைக் கீழே போடவும் முடியாமல், பையில் வைக்கவும் முடியாமல் நின்றான். முத்துவீரன் பேர் கூப்பிட ஆரம்பித்தார். வழக்கத்தைவிடக் குரல் இறங்கியிருந்தது. தனுஜா கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

தர்மிளாவும் யோகராஜும் ஆட்டோவுக்கு வந்தார்கள். அவன் ஸ்டார்ட் பண்ணினான். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. தினேஷ் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவளைப் பார்க்கவில்லை.

“அண்ணே,” என்றான், “அங்க போனா என்னதான் செய்யச் சொல்லுவாங்க?”

யோகராஜ் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான்.