தோல் கட்சியும் ஸ்கேன் கட்சியும்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், டைல்ஸ் கடைக்காரரின் மகளுக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்துவிட்டது. இன்னும் பிறக்காத நோயாளிகளும் இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஒன்று பழைய கல்லூரி. சுவரில் காரை உதிரும். வாசல்வரை நோயாளிகள் வரிசை கட்டி நிற்பார்கள். நேர்முகத்துக்குப் போன அன்று, அந்த வரிசையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒருவர், அவளை டாக்டர் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அங்கேதான் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். மற்றது புதிய கல்லூரி. கண்ணாடி மாளிகை. நோயாளி ஒன்றுதான் குறை.

மகளை யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மாநாடு கூடியது.

அப்பா தோல் கட்சி. "முகப்பருவுக்காக எவனாவது நடுராத்திரியில கதவைத் தட்டுவானா? பழைய காலேஜ் பேரைச் சொன்னாலே மேல்படிப்புக்குத் தோல் டாக்டர் சீட்டு தானா வந்து மடியில உக்காரும்."

பள்ளியில் துணைத் தலைமையாசிரியையான அம்மா, ஸ்கேன் கட்சி. "தோலைத் தொடணுமே, சீ! ஸ்கேன்னா ஏசி ரூம். படத்தைப் பார்த்து எழுதிக் குடுத்தா போதும், நோயாளி மூஞ்சியையே பார்க்க வேண்டாம். புதுக் காலேஜ்லதான் மெஷின் எல்லாம் புதுசு."

நிபுணர் சாட்சியாகச் சித்தப்பா வந்திருந்தார். கண் டாக்டராக ஆசைப்பட்டு, மதிப்பெண் எட்டாமல் எலும்பில் போய் விழுந்தவர்.

"தோலும் முதல் வரிசை, ஸ்கேனும் முதல் வரிசை அண்ணி. பொது மருத்துவமெல்லாம் ஏமாந்தவங்க எடுக்கறது."

"எலும்பு எந்த வரிசை சித்தப்பா?" என்றாள் மகள்.

"நீ சாப்பிடு."

"முதல்ல நான் டாக்டராகணும்ப்பா."

"அது தானா நடக்கும். அதுக்கு இப்ப என்ன அவசரம்?"

சேர்க்கையில் ஒரே ஒரு விதிதான் கடுமையானது. ஓரிடத்தைத்தான் ஏற்கலாம், இரண்டையும் ஏற்றால் இரண்டும் ரத்து. மகள் அதை மேசையிலேயே சத்தமாகப் படித்தாள். "சரி, சரி" என்று அப்பாவும் அம்மாவும் குழம்பை ஊற்றிக்கொண்டார்கள். ஏற்பதும் பெரிய காரியமில்லை. கைப்பேசிக்கு வரும் இணைப்பை அமுக்கினால் போதும். விண்ணப்பித்த காலத்தில், வீட்டில் சண்டை வேண்டாமே என்று பழைய கல்லூரிக்கு அப்பாவின் எண்ணையும் புதியதற்கு அம்மாவின் எண்ணையும் அவள்தான் கொடுத்திருந்தாள்.

மாநாடு முடிவில்லாமல் கலைந்தது. "காலையில பேசிக்கலாம்" என்றார் அப்பா, பெருந்தன்மையாக. அம்மா அதைவிடப் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். இந்த வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் பெருந்தன்மை காட்டினால் ஏதோ விபரீதம் என்று மகளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

காலையில் அப்பா கடையிலிருந்து கூப்பிட்டார். "பழைய காலேஜை நேத்தே அமுக்கிட்டேன். அம்மாகிட்ட மூச்சு விடாதே."

அவள் கைப்பேசியைக் கீழே வைப்பதற்குள், பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா காதோரம் வந்தார். "புதுக் காலேஜுக்கு ஓகே குடுத்துட்டேன்டி. உங்கப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

தலை வாராமல் பழைய கல்லூரிக்கு ஓடினாள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ரெண்டையும் யாராவது ஏத்துக்குவாங்களாம்மா? விதியைப் படிக்கலையா?"

"படிச்சேன் சார். சத்தமாவே படிச்சேன்."

"அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்ல."

வெளியே வரிசை அப்படியே நின்றது. யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை.

அன்று மாலை மாநாடு மறுபடியும் கூடியது. நீ அமுக்கினாய், நான் அமுக்கினேன் என்று ஒரு சுற்று முடிந்ததும் சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். "விலங்கியலுக்கும் இப்ப நல்ல மவுசு அண்ணே."

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்தார். "அப்படியா? அதுல எந்தப் பிரிவுக்குப் போட்டி அதிகம்?"

மகள் விலங்கியலில் சேர்ந்தாள். வகுப்பில் பாதி இடம் காலி.