மேற்கோள் எண் ஒன்று

விலங்கியல் துறைத் தலைவர் பேராசிரியர் பரசுராமனுக்குத் தம் பெயர் எந்த வரிசையில் அச்சாகிறது என்பதில் இருந்த அக்கறை விலங்குகள்மீதுகூட இருந்ததில்லை. தீபத் திருவிழா நோட்டீஸில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் பெயருக்குக் கீழே தம் பெயரைப் போட்டுவிட்டார்கள் என்று அந்த வருஷம் அவர் கிரிவலமே போகவில்லை. மலை அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவருடைய துறையில் சந்திரகலா இளைய விரிவுரையாளர். அடி அண்ணாமலையில் முருகையன் என்பவருடைய கடலைக் கொல்லையில் இரண்டு வருஷம் வெயிலில் குந்தி, இலையைச் சுருட்டித் தின்னும் சுருள்பூச்சியைப் பற்றி ஒன்று கண்டுபிடித்திருந்தாள். கடலையைப் பிடுங்கிய பிறகு அந்தப் பூச்சி சாவதில்லை. வரப்பில் முளைத்துக் கிடக்கும் கார்போகரிசிச் செடிக்குக் குடிபோய், அடுத்த விதைப்புக்குக் குடும்பத்தோடு திரும்பி வருகிறது. இதை ஆங்கிலத்தில் எழுதிப் பம்பாயில் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினாள்.

கட்டுரையில் தம் பெயரையும் சேர்க்கும்படி பரசுராமன் கேட்கவில்லை. சேர்த்தால் பூச்சியைப் பற்றி யாராவது கேள்வி கேட்பார்கள். ஆனால் கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலை அவரே சொல்லச் சொல்ல அவள் எழுத வேண்டியிருந்தது. முதலில் ‘பேராசிரியர், ஆராய்ச்சிச் செம்மல்’ பரசுராமன். அடுத்து முதல்வர். அதற்கடுத்துத் தாளாளர். அவர்களுக்குக் கீழே, இடம் மிச்சமிருந்ததால், உண்மையாகவே பூச்சியை ஆராய்ந்த சில வெள்ளைக்காரர்கள்.

கட்டுரை திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள். ஆய்வு நன்றாக இருக்கிறது, மேற்கோள்கள் விதிப்படி இல்லை. கட்டுரையில் எது முதலில் வருகிறதோ அதற்கு எண் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று போடவும். பட்டம், பதவி கூடாது. மாத முடிவுக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் கட்டுரை கைவிடப்படும். அடியில் பேனாவால் ஒரு வரி: ‘தாளாளர் என்ன ஆய்வு செய்தார் என்று தெரிவித்தால் நலம்.’

சந்திரகலா தாளோடு பரசுராமனிடம் போனாள். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் கட்டுரை ஊரைவிட்டுக் கிளம்பாது.

“டாக்டர்னு போடக் கூடாதா?” என்றார் பரசுராமன். அவர் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

“யாருக்குமே போடக் கூடாதாம் சார்.”

“நோபல் பரிசு வாங்கினவனுக்கு?”

“அவருக்கும்தான்.”

“அப்ப சரி. அவரும் நானும் ஒண்ணு.” மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “முதல்வர், தாளாளரை எடுத்துடு, நான் பேசிக்கறேன். ஆனா ஒண்ணாம் நம்பர் என்னுது. அதுல மாத்தமில்ல. இல்லேன்னா கையெழுத்து கிடையாதும்மா.”

சந்திரகலா யோசித்தாள். அவர் எழுதியது என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கல்லூரி ஆண்டு மலரில் ‘கடலையும் கடமையும்’. அதையே வானொலியிலும் வாசித்திருந்தார். கடலையைப் பிடுங்கியதும் சுருள்பூச்சி பூண்டோடு அழிந்துவிடும், விவசாயிகள் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது அதன் சாரம். கேட்டவர்கள் தூங்கினார்கள். பூச்சி தூங்கவில்லை.

“ஒண்ணாம் நம்பரே போட்டுடறேன் சார். கட்டுரையோட முதல் வரியிலயே நீங்கதான் வருவீங்க.”

“அதுதான் மரியாதை.”

முதல் வரியை அவள் அன்றே மாற்றி எழுதினாள். ‘கடலை அறுவடையானதும் சுருள்பூச்சி அழிந்துவிடும் என்று இதுவரை கூறப்பட்டு வந்தது (1). இது தவறு.’ எழுதிவிட்டு இரண்டு தரம் படித்துப் பார்த்தாள். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அடுத்த இடைஞ்சல் திருவூடல் தெருவில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த காசியிடமிருந்து வந்தது. அவர் அடித்துக் கொடுத்த பட்டியலில் எண்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன.

“என்னங்க இது, ஏழாம் நம்பர் மேல ஏறியிருக்கு?”

“அவரு 1931லயே எழுதினவரு டீச்சர். பெரியவரு. நேத்து எழுதின பசங்களுக்குக் கீழ போட்டா நல்லாவா இருக்கும்? நம்மளுக்கு ஒரு முறை இல்ல?”

“பேருக்கு முன்னால ‘அமரர்’?”

“இவ்ளோ நாள் உயிரோடவா இருப்பாரு?”

“காசி, இது கல்யாணப் பத்திரிகை இல்லைங்க. இங்க பெரியவரு சின்னவரு கிடையாது. யாரு முதல்ல பேச்சுல வராங்களோ அவங்க முதல்ல. அவ்ளோதான்.”

“அப்டின்னா உங்க சாரு எப்டி முதல்ல?” என்று கேட்டபடி காசி முதல் பக்கத்தைப் படித்தார். படித்துவிட்டு எழுந்துபோய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தார். “புது கார்பன் போட்டு அடிக்கறேன் டீச்சர். எல்லா காப்பியும் பளிச்சுனு தெரியணும்.”

பரசுராமன் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். ஒன்று என்ற எண்ணின்மேல் விரலை வைத்தார். முகம் மலர்ந்தது.

“சார், உள்ளயும் ஒரு தரம் படிச்சிடுங்க. முதல் பக்கமாவது.”

“நம்ம துறைக் கட்டுரைதானே. நான் படிச்ச மாதிரிதான்.” கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே அது ரிஜிஸ்டர் தபாலில் பம்பாய்க்குக் கிளம்பியது.

கட்டுரை வெளிவந்தது. சந்திரகலா தன் பெயரைத் தடவிப் பார்த்து முடிப்பதற்குள் இதழைப் பரசுராமன் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் தேரடி வரை நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ‘அகில இந்திய ஆய்விதழில் முதலிடம் பெற்ற பேராசிரியர் பரசுராமன் அவர்களுக்குப் பாராட்டு விழா. விவசாயப் பெருமக்கள் திரண்டு வருக.’ சந்திரகலாவின் பெயர் நாற்காலி, பந்தல் உபயத்துக்கு மேலே இருந்தது.

விவசாயப் பெருமக்கள் திரண்டே வந்தார்கள். அந்தப் போகத்தில் சுருள்பூச்சி ஜாஸ்தி. முருகையன் கடைசி பெஞ்சில் இருந்தார்.

“வெள்ளைக்காரன் ரெண்டு! நான் ஒண்ணு!” என்று மைக்கில் முழங்கினார் பரசுராமன். கைதட்டல் கொஞ்சம் கம்மியாக இருந்தது அவரை உறுத்தியது. “சந்திரகலா, மேல வாம்மா. நான் வர்ற அந்த முதல் வரிய இவங்களுக்குத் தமிழ்ல சொல்லு.”

“இப்பவேங்களா சார்?”

“சத்தமா சொல்லு. பின்னாடி கேக்கணும்.”

சந்திரகலா சத்தமாகவே சொன்னாள். பின்னாடி கேட்டது.

முருகையன் எழுந்தார். “அப்போ ரேடியோவுல சாரு சொன்னது தப்புங்களா?”

பரசுராமன் இதழைப் பிரித்துப் பார்த்தார். முதல் தடவையாக முதல் பக்கத்தை. “விஞ்ஞானத்துல...” என்று ஆரம்பித்தார்.

“அத்த வுடுங்க,” என்றார் இன்னொரு விவசாயி. “எம்மா, அந்தப் பூச்சி எங்கதான் போயி ஒளியுது? அத்த சொல்லு.”

சந்திரகலா மேடையிலிருந்த கரும்பலகையிடம் போனாள். ‘முதலிடம்’ என்று வண்ணச் சாக்பீஸில் எழுதியிருந்ததை முந்தானையால் அழித்துவிட்டு, கார்போகரிசிச் செடியை வரைந்தாள். இலை, ஊதாப் பூ, கறுத்த விதை.

“ஐயே, இதுவா? எங்க வரப்பு பூரா கீதே!”

“மாடுகூட மோந்து பாக்காதே இத்த.”

“பூச்சி மோந்து பாக்குதுங்க,” என்றாள் சந்திரகலா. “கடலை பிடுங்கின கையோட இதையும் பிடுங்கணும்.”

பெஞ்சுகளை இழுத்துக்கொண்டு எல்லோரும் கரும்பலகைப் பக்கம் நகர்ந்தார்கள். முருகையன் நடுவில் நின்று, “எங்க கொல்லையில கண்டுபுடிச்சது, தெரியுமில்ல!” என்று பக்கத்தில் இருந்தவர்களைத் தள்ளி அவளுக்கு இடம் பண்ணினார். மேடையின் மறுகோடியில் முதல்வர், நிகழ்ச்சி நிரல்படி, பரசுராமனுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சந்திரகலா விடாமல் விளக்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் சோடா உடைத்து நீட்டினார். குடித்துவிட்டு, செடிக்குக் கீழே வேரை வரைய ஆரம்பித்தாள்.